வெண்ணெய்க்குக் கப்பை விட்டு நான்கு வருடம்

சமையலறைக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி நான்கு வருடம் ஆகிறது. வாங்கியதே வெண்ணெய்க்காகத்தான். ஒரே குறிப்பை வைத்துச் செய்த பிஸ்கட் ஒருநாள் தட்டெல்லாம் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் மணல் மாதிரி உதிர்ந்தது. மாவைச் சந்தேகப்பட்டேன், அடுப்பைச் சந்தேகப்பட்டேன். தராசு வந்த அன்று, வழக்கம்போல் கப்பில் அமுக்கி நிரப்பிய வெண்ணெயை நிறுத்துப் பார்த்தேன்: 198 கிராம். வழித்தெடுத்து மறுபடி நிரப்பினால் 221. அடியில் காற்று சிக்கியிருப்பது மேலிருந்து பார்த்தால் எங்கே தெரிகிறது?

இடைவெளி இல்லாமல் நிரம்பினால் அமெரிக்கக் கப்புக்கு, அதாவது சுமார் 237 மில்லிக்கு, 227 கிராம் வெண்ணெய் பிடிக்கும். அந்த ஊர்க் குறிப்புகளில் வரும் 'ஸ்டிக்' அதில் பாதி: 113 கிராம், 8 டேபிள்ஸ்பூன். ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 14 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் கப் 250 மில்லி என்றால் 240 கிராம். எந்தக் கப்பாக இருந்தாலும் மில்லியை 0.96-ஆல் பெருக்கினால் கிராம் வந்துவிடும்.

ஸ்பூனிலும் ஒரு வம்பு உண்டு. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 15 மில்லி இல்லை, 20. அது தெரியாமல் அங்கத்திய கேக் குறிப்பு ஒன்றுக்கு நாலு ஸ்பூன் போட்டேன். கிட்டத்தட்ட 20 கிராம் குறைந்துபோய், கேக் தொண்டையில் அடைத்தது.

உருக்கின வெண்ணெய்க்குத் தனிக் கணக்கு வேண்டுமா என்று முதலில் குழம்பினேன். எடை மாறாது, கொள்ளளவுதான் கொஞ்சம் கூடும். அதனால் கட்டியாக இருக்கும்போதே நிறுத்துவிட்டு அப்புறம் உருக்குகிறேன். நெய் வேறு விஷயம். தண்ணீர் போய்விட்டதால் அதே அமெரிக்கக் கப்புக்கு ஏறக்குறைய 215 கிராம்தான் வரும். காற்றேற்றி மிருதுவாக்கிய வெண்ணெய் என்றால் எடை மூன்றில் இரண்டு பங்காக இறங்கிவிடும். அதைக் கப்பில் அளந்து கேக்குக்குப் போடாதீர்கள்.

தராசுக்கு முன்னால், தண்ணீரில் அமிழ்த்தி அளக்கும் வித்தையையும் பார்த்தேன். அரை கப் தண்ணீர் ஊற்றி, மட்டம் ஒரு கப் ஆகும்வரை வெண்ணெய் போட வேண்டும். கணக்கு சரிதான், ஆனால் வெண்ணெய் மிதக்கும். விரலால் முழுக அழுத்திப் பிடித்துக்கொண்டே மட்டம் பார்க்க வேண்டும். பிறகு ஈர வெண்ணெயைத் துடைக்கிற வேலை வேறு.

தராசிலும் குறை இருக்கிறது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்கும் குறைவான அளவை, அது நிறுப்பதை நான் நம்புவதில்லை. அதற்கு ஸ்பூனே போதும். வெண்ணெய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது தானாக அணைந்துவிடும், பாத்திரத்தின் எடையைக் கழித்து வைத்ததெல்லாம் போச்சு. எண்ணெய்க் கையால் தொட்டுத் தொட்டு ஒரு பட்டன் இப்போது ரெண்டு தடவை அழுத்தினால்தான் கேட்கிறது.

பழைய நோட்டில் கப்பாக எழுதி வைத்திருந்ததையெல்லாம் ஒரு மழை நாளில் உட்கார்ந்து கிராமாக மாற்றிவிட்டேன். எந்தக் கப்பில் அளந்தேன் என்றே நினைவில்லாத இரண்டு குறிப்புகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன.