ராஃப்டைச் சுருட்டி வைப்பதா, பாதிக் காற்றோடு விடுவதா?

காற்றடைக்கும் மீன்பிடி ராஃப்டை வீட்டில் வைக்க இரண்டு வழிதான் உண்டு. காற்றை முழுக்க இறக்கிச் சுருட்டிப் பையில் போடலாம். இல்லையென்றால் பாதிக் காற்றோடு அப்படியே விட்டுவைக்கலாம். இடம் மட்டும் இருந்தால் இரண்டாவதுதான் என் கட்சி.

இடத்தை மிச்சம் பிடிப்பதிலும் தூக்கிப்போவதிலும் சுருட்டியதுதான் ஜெயிக்கும், அதில் வாதமே இல்லை. ஆனால் படகின் ஆயுளைத் தீர்மானிப்பது ஈரம்.

துடைத்து முடித்ததும் ராஃப்ட் காய்ந்த மாதிரிதான் தெரியும். ஓரத்துக் காற்று ட்யூபும் தரையும் சேரும் மூலை, இருக்கைப் பட்டையின் அடிப்பக்கம், கயிறு ஓடும் வளையங்களின் பின்புறம் எல்லாம் நனைந்தே இருக்கும். தரை மெத்தை தனியாகக் கழலும் மாடல் என்றால் அதற்கும் அடித்துணிக்கும் நடுவில் தண்ணீரும் மணலும் சேர்ந்து கிடக்கும். இதோடு சுருட்டினால் கரும்புள்ளியாகப் பூசணம் பிடிக்கும். தேய்த்தால் வாடை போகும், கறை போகாது. மோட்டார் மாட்டும் பலகை பிளைவுட்டாக இருந்தால் அது ஓரத்திலிருந்து உப்பத் தொடங்கும். மடிப்புக்குள் மாட்டிய மணலோ உப்புத்தாள் போலத் துணியை அரிக்கும்.

பாதிக் காற்றில் நிற்கும் படகுக்கு மடிப்பே இல்லை என்பதால் மிச்ச ஈரம் தானாக உலரும். அதற்காகக் கழுவாமல் விடக்கூடாது. நல்ல தண்ணீரில் அலசி, தரை மெத்தையைக் கழற்றி, நிழலில் ஒருக்களித்துச் சாய்த்து வையுங்கள். சில மணி நேரம் கழித்து மறுபக்கம் திருப்புங்கள். பழைய பனியன் துணியை விரலில் சுற்றி மூலையில் ஓட்டிப் பாருங்கள். துணி நனைந்தால் இன்னொரு நாள் விடுங்கள்.

இன்னொரு லாபம், மெல்லக் காற்று இறங்கும் ஓட்டை வீட்டிலேயே தெரிந்துவிடும். காலையில் படகின் எல்லாக் காற்றறைகளும் ஒரே அளவு சோர்ந்திருந்தால் அது இரவுக் குளிரின் வேலை. ஒன்று மட்டும் தொய்ந்திருந்தால்தான் கசிவு. சோப்புத் தண்ணீரை முதலில் வால்வில் தடவுங்கள், அங்கே மணல் சிக்கியிருக்கலாம். தையல் ஓரமெல்லாம் அப்புறம்தான்.

முழுக் காற்றில் மட்டும் வைக்காதீர்கள். 20 டிகிரியில் 0.25 பார் (காற்றழுத்த அளவு) அடைத்த ட்யூப், 45 டிகிரி சூட்டில் கிட்டத்தட்ட 0.35 பாருக்கு ஏறும். அந்த அழுத்தத்தில் பசை போட்ட இணைப்பு விட்டுப்போகலாம். கட்டைவிரலால் அழுத்தினால் தாராளமாகக் குழிய வேண்டும், அதுதான் அளவு. தொங்கவிடுவதென்றால் உள்ளங்கை அகலப் பட்டைகளை ட்யூபுக்கு அடியில் கொடுங்கள். ஓரத்து வளையங்களில் கட்டித் தூக்கினால் பாரம் முழுவதும் ஒட்டுத் துண்டில் விழுந்து அது பிய்ந்து வரும். கீழே வைப்பதென்றால் பலகைமேல் வையுங்கள். தெர்மோகோல் வேண்டாம், படகின் பிவிசித் துணியிலிருந்து ஊறும் எண்ணெய்ப்பசை அதை இளக்கி ஒட்டவைத்துவிடும்.

இடமே இல்லையா, சுருட்டுங்கள், ஆனால் தளர்வாக. வால்வைத் திறந்துவிட்டு, வால்வுக்கு எதிர்முனையிலிருந்து தொடங்கினால் மிச்சக் காற்று வழிகண்டு வெளியேறும். பம்பால் உறிஞ்சி அப்பளமாக்க வேண்டாம். மடிப்பு முனை கூர்மையாகிப் பிவிசி அங்கே வெடிக்கும். துடுப்புக் கொண்டிகளுக்குப் பழைய துண்டைச் சுற்றுங்கள், மடிப்புகளில் வாசனையில்லாத டால்க் பவுடர் தூவுங்கள், பையின் வாயைக் கட்டாதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரித்து வேறு கோட்டில் சுருட்டுங்கள். கடுங்குளிரில் கிடந்த படகை எடுத்தவுடன் விரிக்காமல் சூடான அறையில் சில மணி நேரம் விட்டால் துணி இளகும்.

எலி விஷயத்தில் இரண்டுமே பாதுகாப்பில்லை, இரை வாடை போகக் கழுவியிருந்தால்தான் தப்பிக்கலாம். என்றாலும் சேதத்தில் வித்தியாசம் உண்டு. நிற்கும் ட்யூபில் கடித்தால் ஒரு ஓட்டை. சுருளில் கடித்தால், விரிக்கும்போது ஒரு முழத்துக்கு ஒன்றாக வரிசையாக வரும்.

இவ்வளவும் பிவிசி படகுக்கு. ஹைபலான் என்ற செயற்கை ரப்பர் பூசிய துணி என்றால் மடிப்பை நன்றாகவே தாங்கும்; அதைக் காயவைத்துச் சுருட்டுபவரோடு எனக்குச் சண்டை இல்லை. எந்தத் துணியானாலும் சிலிக்கான் கலந்த பாலிஷ் மட்டும் பூச வேண்டாம், பிறகு பஞ்சர் ஒட்டினால் பசை பிடிக்காது.