ரெஃபரல் என்று சொல்லி 64,000 ரூபாயைச் சுருட்டிக்கொண்டார்கள்

பெரிய மென்பொருள் நிறுவனங்களில் உள்ளே வேலை செய்பவர்கள் மூலம் ரெஃபரல் (பரிந்துரை) போட்டு, நேர்காணலை உறுதியாக வாங்கித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு பயிற்சி நிலையத்திடம் 64,000 ரூபாயைப் பறிகொடுத்த கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். வடசென்னையில், ஒரு செல்போன் கடையின் மாடியில் இயங்கும் இடம் அது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கத்துப் பொறியியல் பட்டதாரிகள்தான் அங்கே அதிகம் வருகிறார்கள்.

அவர்கள் எடுத்தவுடன் பணம் கேட்கவில்லை. இலவசமாக ஒரு மாதிரி நேர்காணல் நடத்தினார்கள். ஒரு ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்துகளின் வரிசையில், எந்த எழுத்தும் திரும்ப வராத மிக நீளமான பகுதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நான் லூப்புக்குள் லூப் போட்டு, அதே எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்படி நிரலை எழுதினேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க எதிரே அமர்ந்திருந்தவர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தும் கடைசியாக வந்த இடத்தை ஹாஷ் மேப்பில் (உடனே தேடி எடுக்கக்கூடிய அட்டவணையில்) வைத்துக்கொண்டால் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடாதா என்று கேட்டார். விஷயம் தெரிந்த மனிதர் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அல்காரிதம் தெரிந்தவன் ஏமாற்றமாட்டான் என்று யார் சொன்னது? "தம்பி, உங்க ரெஸ்யூமே சரியான கைக்குப் போகல, அவ்வளவுதான்" என்று அவர் சொன்ன அந்த நொடியில் நம்பிவிட்டேன். அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த 40,000, அண்ணனிடம் கைமாற்றாக வாங்கிய 24,000, ஆக 64,000 ரூபாயையும் ஜிபேயில் அனுப்பினேன்.

அதன்பிறகு அந்த மனிதரின் குரலைக்கூடக் கேட்க முடியவில்லை. தொலைபேசியை எடுத்த பெண், முதலில் "சார் மீட்டிங்கில் இருக்கிறார்" என்றார். பிறகு நிறுவனங்களில் ஆள் எடுப்பதையே நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். நேரில் போய் நின்றபோது, உங்கள் கோப்பு கூகுளின் ஹயரிங் கமிட்டியில் இருக்கிறது, அவசரப்படுத்தினால் கெட்டுவிடும் என்றார். கூகுளில் அந்தக் கமிட்டி, நேர்காணல் நடத்தியவர்கள் எழுதிக் கொடுக்கும் மதிப்பீடுகளைப் படித்து முடிவு சொல்லும் குழு. நேர்காணலுக்கே அழைக்கப்படாதவனின் கோப்பில் கமிட்டி எதைப் படிக்கும்? இதைக் கேட்டதும், "ரெஃபரல் போட்டாச்சு, சர்வீஸ் முடிஞ்சுது, ரீஃபண்ட் கிடையாது" என்று பேச்சு மாறியது. ரெஃபரல் போட்டதற்கு அத்தாட்சி கேட்டேன்; அது ரகசியமாம். 64,000 ரூபாய்க்கு ஒரு ரசீதுகூடத் தரவில்லை. வாட்ஸ்அப்பிலும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

பெரிய மென்பொருள் நிறுவனங்களின் நேர்காணல் முறையை விரிவாக எழுதி, இதுபோன்ற பயிற்சி நிலையத்தார் எங்கெங்கே ஏமாற்றுவார்கள் என்று விளக்க வேண்டும் என்றுதான் தொடங்கினேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. உள்ளே இருப்பவர் போடும் ரெஃபரல் உங்கள் ரெஸ்யூமே கண்ணில் படுவதற்கு உதவலாம், நேர்காணலை உறுதி செய்யாது. அமேசானில், ஆள் தேவைப்படும் குழுவைச் சேராத ‘பார் ரெய்சர்’ ஒருவர் நேர்காணலில் உட்கார்ந்து, வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரத்தோடு இருப்பார். அப்படிப்பட்ட இடத்தில் வேலையை யாரும் பேசி முடித்துத் தர இயலாது. நேர்காணலுக்கென்று இந்த நிறுவனங்கள் விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதில்லை. ரசீது தராதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்; நானும் புகார் கொடுத்திருக்கிறேன். அதே மாடியில் அடுத்த பேட்ச்சுக்கு இப்போது ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.