பள்ளிக்கூடத்துக் குடிநீர்: ஆர்.ஓ.வா, நுண்வடிகட்டியா?

ஊருக்குப் பொதுவாகக் குடிநீர்க் கருவி வைக்கப் பள்ளிக்கூடத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. பூட்டு, சாவி, கணக்கெழுத ஆள் எல்லாம் அங்கே உண்டு. மாலையில் பிள்ளைகளே ஆளுக்கொரு சிறு கேனை வீட்டுக்குத் தூக்கிப்போய்விடுவார்கள். எந்தக் கருவி என்பதில்தான் குழப்பம்.

பலரும் கண்ணை மூடிக்கொண்டு ஆர்.ஓ. கேட்கிறார்கள். நீரை அழுத்தி மெல்லிய சவ்வின் வழியே தள்ளிச் சுத்தம் செய்யும் கருவி அது. உப்பு, ஃபுளோரைடு, ஆர்சனிக் ஆகியவற்றை அது பெருமளவு நீக்கும் என்பது உண்மை. ஆனால் அழுத்தம் கொடுக்க மின்சாரம் வேண்டும். உள்ளே போகும் நீரில் கணிசமான பங்கு கழிவாக வெளியேறும். சவ்வு அடைத்துக்கொண்டால் புதிதுக்கு யார் பணம் தருவது? நன்கொடை கொடுத்தவர் திறப்பு விழாவோடு போய்விட்டிருப்பார்.

நுண்வடிகட்டியின் (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) துளை ஏறத்தாழ 0.01 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நோய் தரும் பாக்டீரியாக்கள் அதைவிடப் பல மடங்கு பெரியவை, நுழைய முடியாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தமே பெரும்பாலும் போதும். எதிர்த்திசையில் நீர்விட்டுக் கழுவினால் கலங்கலாக அழுக்கு வெளியே வரும். பெரிய வகுப்பு மாணவர்களே செய்துவிடலாம். நீரில் கரைந்த உப்பு, ஃபுளோரைடு போன்றவற்றை மட்டும் அது தொடாது.

ஆகவே முதல் செலவு நீர்ப் பரிசோதனைக்கு. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் நுண்வடிகட்டி உதவாது. கிருமி மட்டுமே சிக்கல் என்றால் ஆர்.ஓ. வீண் ஆடம்பரம் என்பேன்.

எதை வைத்தாலும் கேனைக் கவனியுங்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு கை டம்ளரோடு உள்ளே போனால் கிருமி திரும்பிவிடும். குழாய் வைத்த மூடிய கேனும் அளவான குளோரினும் வேண்டும்.