சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்ட ஓவன் சர்வீஸ்

வீட்டுக்கே வந்து ஓவன் பழுது பார்க்கும் ஒரு சர்வீஸுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். நாலும் வந்து வேலை செய்த டெக்னீஷியனுக்கு. குறைந்த ஒன்று அவருடைய அலுவலகத்துக்கு.

எங்களுடையது அலமாரிக்குள் பதித்த மின்சார ஓவன், பின்சுவரில் கன்வெக்ஷன் ஃபேன், அதாவது சூடான காற்றை உள்ளே சுழற்றும் ஃபேன் உள்ள வகை. ஓடத் தொடங்கியதும் கொரகொரவென்று ஓர் உரசல் வரும். சூடு ஏற ஏற அது கிரீச்சென்று மாறும். நடுவில் திடீரென்று 'டொக்' என்று தகட்டில் அடித்த மாதிரி ஒரு சத்தம். அணைத்த பிறகும் உம்மென்று ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு முன்னால் வேறோர் இடத்திலிருந்து வந்தவர், ஆறிக் கிடந்த ஓவனின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பழசாயிடுச்சு, புதுசா வாங்கிடுங்க" என்றார். ஓட விட்டுக்கூடப் பார்க்கவில்லை. சத்தம்தான் புகார் என்றால், சத்தம் வரும்போது பக்கத்தில் நிற்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த முறை வந்தவர் பையைத் திறக்கும் முன் கேள்வி கேட்டார். "மேடம், போட்ட உடனே வருதா, சூடானதுக்கு அப்புறமா? ட்ரே உள்ளே இருக்கும்போதா, இல்லாதபோதுமா?" பதிலைக் கேட்டுக்கொண்டு உள்ளேயிருந்த ட்ரேக்களையும் கம்பித் தட்டுகளையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓவனைப் போட்டார். முதலில் சூடு இல்லாமல் ஃபேன் மட்டும் சுற்றும் நிலை, அதாவது உறைந்ததை இளக்குவதற்கு இருக்கும் அமைப்பு. கொரகொர வந்தது. அடுத்து மேல், கீழ் எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) மட்டும் வேலை செய்யும் நிலைக்கு மாற்றினார். கொரகொர நின்றது. அவ்வளவுதான், உரசல் கன்வெக்ஷன் ஃபேனில் என்று ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் முடிவாகிவிட்டது. இந்த நிலையிலும் நிற்காமல் வந்திருந்தால் மேலே இருக்கும் கூலிங் ஃபேனைச் சந்தேகப்பட வேண்டும் என்றார்.

எலிமென்ட் சூடாகும்போது அவ்வப்போது 'டிக்' என்று கேட்டது. அது ரிலே. வெப்பம் வேண்டிய அளவுக்கு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும், குறைந்ததும் திரும்பக் கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு டிக். அது வந்தால்தான் ஓவன் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். 'டொக்' சத்தம் ட்ரேக்கள் வெளியே இருந்தவரை வரவே இல்லை. 40 சென்டிமீட்டர் நீள எஃகுத் தகடு 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் நீளும். எல்லா இடமும் ஒரே நேரத்தில் சூடாகாததால் மெல்லிய ட்ரே முறுக்கிக்கொண்டு, ஒரு கட்டத்தில் சட்டென்று வளையும். அந்தச் சத்தம்தான் அது. கெட்டியான ட்ரே என்றால் குறையும். அணைத்த பிறகு வரும் 'உம்' கூலிங் ஃபேன். உள்ளே தங்கிய சூடு கன்ட்ரோல் போர்டைக் கெடுக்காமல் இருக்க அது ஓடித்தான் ஆக வேண்டும், சத்தம் பிடிக்கவில்லை என்று மெயினை அணைக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். ஆக, நான் புகார் சொன்ன மூன்று சத்தத்தில் கோளாறு ஒன்றே ஒன்றுதான். மற்ற இரண்டுக்கும் பில் போடாமல் விளக்கம் மட்டும் சொன்ன அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

ஓவன் ஆறும்வரை காத்திருந்து, மெயினை அணைத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். தகட்டின் உள்பக்கத்தில் பிறை வடிவத்தில் பளபளவென்று ஒரு கீறல். இறக்கையின் ஓரம் அங்கேதான் உரசியிருக்கிறது. விரலால் சுண்டிவிட்டால் நன்றாக இருக்கும் ஃபேன் நாலைந்து சுற்றாவது தானாகச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டுமாம்; இது அரைச் சுற்றில் இறுகி நின்றது. ஃபேன் மாட்டியிருக்கும் ஷாஃப்டைப் (சுழலும் தண்டைப்) பிடித்து மேலும் கீழும் அசைத்துக் காட்டினார், ஆடிய பல் போல ஆடியது. மோட்டாரில் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்து, உள்ளே இருந்த எண்ணெய்ப் பசை சூட்டில் காய்ந்துவிட்டது. அதனால் ஷாஃப்ட் சரிந்து, இறக்கை தகட்டைத் தொட்டிருக்கிறது. இறக்கையை வளைத்துவிட்டால் கொஞ்ச நாளைக்கு உரசாது, ஆனால் கிரீச் போகாது, கடைசியில் மோட்டார் இறுகிக்கொள்ளும் என்றார். எண்ணெய் விடலாமா என்று கேட்டேன். சாதாரண எண்ணெய் அந்தச் சூட்டில் புகைந்து கருகிவிடும் என்று மறுத்துவிட்டார்.

ஃபேனைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றியபோது ஒன்றைக் கவனித்தேன். வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினார். பல ஓவன்களில் அந்த நட்டின் மரை தலைகீழாக இருக்கும், ஃபேன் சுற்றும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்காக. தெரியாமல் இடப்பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகி, மரையே போய்விடும்.

இரண்டாவது தடவை வந்தபோது, புது மோட்டாரைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஷாஃப்டின் நீளத்தையும் ஸ்க்ரூ துளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மாட்டினார். அப்புறம் ஓவனை முழுச் சூட்டில் ஓட விட்டு, நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார். இப்போது காற்றுச் சத்தம் மட்டும்தான்.

கேஸ் ஓவன் வைத்திருக்கும் என் தங்கைக்காக அதைப் பற்றியும் கேட்டேன். பற்றவைக்கும்போது 'குப்'பென்று சத்தம் வந்தால், நெருப்புப் பிடிக்கும் முன்பே கேஸ் சேர்ந்துவிடுகிறது என்று பொருள்; ஆள் வந்து பார்க்கும்வரை அந்த ஓவனைத் தொடவே கூடாது. மின்சார ஓவனில் எலிமென்ட் பக்கம் சரசரவென்று பொறி பறக்கும் சத்தம் கேட்டாலும் அதேதான், உடனே மெயினை அணைத்துவிட வேண்டும்.

இனி அலுவலகம். போனில் பேசியவர் "சூடாகுதா இல்லையா" என்பதற்கு மேல் எதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை. எந்த மாடல் என்று கேட்டிருந்தால் மோட்டாரைக் கையோடு கொண்டு வந்திருக்கலாம். இரண்டாவது தடவை வர வேண்டியிருந்திருக்காது. வருவதாகச் சொன்ன நாளில் காலையா மாலையா என்றும் சொல்லவில்லை. ரசீதில் 'ஃபேன் சத்தம் சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி, அவ்வளவுதான். நான் கேட்ட பிறகே மோட்டாரின் பாக எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டும்தானா, மாட்டிய வேலைக்கும் உண்டா என்பதையும் கேட்டுத்தான் எழுதி வாங்க வேண்டியிருந்தது. நீங்கள் கூப்பிடுவதாக இருந்தால் மாடல் எண்ணை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது பெரும்பாலும் கதவைத் திறந்தால் ஓரச் சட்டத்தில் ஒட்டியிருக்கும்.