ஆண்ட்ரோஜனும் மூளையும்: ஒரு காணொளி வகுப்பைப் பற்றி

மேல்நிலை மாணவர்களுக்கு உயிரியல் எடுக்கிறேன். ஹார்மோன் பாடம் வந்தாலே, "டெஸ்டோஸ்டிரோன் அதிகமானா கோபம் வருமா மிஸ்?" என்று யாராவது கேட்பார்கள். ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட மனம் வராது. அதற்காகத்தான், கருவிலிருந்து முதுமை வரை ஆண்ட்ரோஜன்கள் (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்கள்) மூளையில் என்ன செய்கின்றன என்று சொல்லும் இந்தக் காணொளி வகுப்பில் சேர்ந்தேன்.

தொடக்கமே அருமை. 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்ற ஆய்வாளர் சேவல் குஞ்சுகளின் விதைகளை (விந்தகங்களை) அகற்றினார். கொண்டை வளரவில்லை, கூவலும் இல்லை, சண்டையும் இல்லை. வேறு சில குஞ்சுகளுக்கு அகற்றிய விதையை வயிற்றுக்குள் வைத்துத் தைத்தார். பழைய நரம்புத் தொடர்பு அறுந்துபோயிருந்தும் கொண்டை வளர்ந்தது, கூவின, மோதிக்கொண்டன. அப்படியென்றால் செய்தி ரத்தத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது கிடையாது! இந்தப் பகுதியை ஆசிரியர் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு குஞ்சாகப் படம் வரைந்து காட்டுகிறார்.

அப்புறம் 1959-இன் கினிப்பன்றி ஆய்வு. சினையாக இருந்த தாய்க்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால், பிறக்கும் பெண் குட்டிகள் வளர்ந்தபின் இணைசேரும் நடத்தையே மாறிவிடுகிறது. கருவில் மூளையின் அமைப்பை வகுப்பதும், பருவ வயதில் அதைத் தூண்டிவிடுவதும் தனித்தனி வேலைகள் என்பது எனக்கு இங்கேதான் தெளிவாகப் பிடிபட்டது. எலியின் மூளைக்குள் டெஸ்டோஸ்டிரோன், பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜனாக மாறி வேலை செய்வதையும், மனிதரில் கதை அப்படியே இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்கிறார்.

என் மாணவர்களுக்கான பதில் நடுப்பகுதியில் இருக்கிறது. நடத்தையும் ஹார்மோனை மாற்றும். பல பறவைகளில் எல்லைத் தகராறு வந்தால் டெஸ்டோஸ்டிரோன் அளவு ஏறுகிறது. குஞ்சுகளுக்கு இரை ஊட்டும்போது இறங்குகிறது. பிலிப்பைன்ஸின் செபூவில் இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளிவந்த ஆய்விலும், அப்பாவானவர்களுக்கு அளவு குறைந்திருந்தது. பிள்ளையைக் கவனிப்பதில் அதிக நேரம் செலவிட்டவர்களுக்கு இன்னும் குறைவு.

முதுமைப் பகுதிதான் ஏமாற்றம். நினைவாற்றல் குறைந்த, 65 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஓராண்டு டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுத்தும் நினைவாற்றல் மேம்படவில்லை என்ற 2017-இன் முடிவை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். ஜெல் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறு என்ன? பெண்களின் சூலகமும் அட்ரினல் சுரப்பியும் தொடர்பான பேச்சும் சொற்பம்; சூலகத்திலும் ஆண்ட்ரோஜன் சுரக்கிறது என்பதைத் தனிப் பாடமாகவே வைத்திருக்க வேண்டும்.

ஆசிரியர்கள் தயங்காமல் சேரலாம். பாட இறுதித் தேர்வுகள் வெறும் ஆண்டுகளைத்தான் கேட்கின்றன, அவற்றை விட்டுவிடலாம்.