14567 எல்டர்லைன்: பெரியம்மாவுக்காக கூப்பிட்ட அனுபவம்

எங்க தெருவுல பாதி பேருக்கு இப்படி ஒரு நம்பர் இருக்கறதே தெரியல, அதான் எழுதறேன். 60 வயசு தாண்டினவங்களுக்கு மத்திய சமூகநீதி அமைச்சகம் நடத்துற ஹெல்ப்லைன், 2021ல நாடு முழுக்க வந்துச்சு, கால் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம்.

பெரியம்மா வீட்ட அண்ணன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்தாங்க, ஆறு மாசம்கூட ஆகல, பின்கட்டு ரூமுக்கு தள்ளிட்டாங்க, சோறு இருந்தா இருக்கு இல்லைன்னா இல்ல, பென்ஷன் ஏடிஎம் கார்டும் அண்ணி கைல. ஸ்டேஷனுக்கு போலாம்னா "பெத்த புள்ளைய எப்படிடா உள்ள வைக்கிறது"ன்னு அழுகை. குற்றக் கணக்கு எடுக்கற என்சிஆர்பி 2014லருந்து முதியவங்களுக்கு எதிரான குற்றத்த தனியா போடுது, ஆனா எஃப்ஐஆர் ஆனாத்தான் அதுல வரும், பெரியம்மா மாதிரி வாய மூடிட்டு இருக்கறவங்க எந்தக் கணக்குலயும் வர மாட்டாங்க. முதியவங்களுக்காக வேலை செய்யற ஹெல்ப்ஏஜ் தொண்டு நிறுவனத்தோட சர்வேல, கொடுமை பண்றவங்கன்னு மகன், மருமகள் பேரு திரும்பத் திரும்ப வருது, அத படிச்சப்ப எங்க வீட்டு கதைய யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு.

போன எடுத்த பொண்ணு என்கிட்ட ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "அம்மாகிட்ட குடுங்க சார்"னுச்சு. அது எனக்கு ரொம்ப பிடிச்சது. அரை மணி நேரம் பெரியம்மா சொல்ல சொல்ல கேட்டுச்சு, கேஸ் போடணுமான்னு கேக்கல, உங்களுக்கு என்ன வேணும்மான்னு கேட்டுச்சு. பெரியம்மா சொன்னது என் வீடு, மூணு வேளை சோறு, அவ்ளோதான்.

அப்புறம் வழி சொன்னாங்க. 2007 முதியோர் பராமரிப்பு சட்டத்துல ஆர்டிஓகிட்ட (வருவாய் கோட்டாட்சியர், வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல) மனு குடுக்கலாம், வக்கீல் தேவையில்ல, மாசம் 10,000 வரைக்கும் பராமரிப்பு கேக்கலாம், பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக் குடுத்து பாத்துக்கலைன்னா பிரிவு 23ல பத்திரத்தையே ரத்து பண்ணலாம். 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இந்தப் பிரிவ பெரியவங்களுக்கு சாதகமா தாராளமா பாக்கணும்னு சொல்லிருக்கு. எங்க பத்திரத்துல அந்த ஒரு வரி இருந்துச்சு, எழுதின டாக்குமெண்ட் ரைட்டர் புண்ணியவான். இனிமே யாரு எழுதிக் குடுத்தாலும் "கடைசி வரைக்கும் பாத்துக்கணும்"ங்கற வரிய கேட்டு போட வைங்க, அது இல்லாம கையெழுத்து வேண்டாம்.

குறைன்னா நேரம்தான், காலைல 8லருந்து ராத்திரி 8 வரைக்கும்தான். ராத்திரி அடி உதைன்னா 112, போன்ல காசு ஏமாத்திட்டா 1930.

இன்னொன்னு, அவங்களால வழிதான் காட்ட முடியும், உத்தரவு போடறது ஆர்டிஓ. பராமரிப்பு மனுவ 90 நாள்ல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, எங்களுக்கு அது எப்பவோ தாண்டிருச்சு, 74 வயசு மனுஷிய மூணு தடவ வரச்சொல்லி வாய்தா போட்டு அனுப்பிட்டாங்க, எனக்கு வயிறு எரியுது. ஹெல்ப்லைன்லருந்து மட்டும் நடுவுல ரெண்டு தடவ அவங்களே கூப்பிட்டு சாப்டீங்களாம்மான்னு விசாரிச்சாங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். நாலாவது வாய்தா வர்ற செவ்வாக்கிழமை, லீவு சொல்லிட்டேன், நானும் கூட போறேன்.