அலையோசையும் யோகாப் பாயும்: நாகர்கோவிலில் எட்டு வார வகுப்பு

2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலை அடுத்த கொட்டில்பாட்டில் கடல்நீரை விழுங்கி உயிர் மீண்டவர் என் சித்தி. இன்றைக்கும் அவர் கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் உறக்கமும் கிடையாது. ஈராண்டாகச் சித்திக்குச் சிகிச்சை அளித்துவரும் மனநல ஆலோசகர், அதற்குத் துணையாக, நாகர்கோவிலில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் எட்டு வார யோகா வகுப்பில் சேரச் சொன்னார். கூடப் போன நானும் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

பெரிய குறை முதல் நாளே நேர்ந்தது. கடைசியில் சவாசனத்தில் படுத்திருந்தபோது, மனம் அமைதியடையட்டும் என்று ஆசிரியை ஒலிப்பெட்டியில் கடல் அலையோசையை ஓடவிட்டார். கண்ணைத் திறந்து பார்த்தால், சித்தி எழுந்து சுவரோடு ஒட்டி நின்று துப்பட்டா நுனியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். அதிர்ச்சியிலிருந்து மீண்டு வருவோருக்கென்றே, அதுவும் இந்தக் கடலோர மாவட்டத்தில், வகுப்பு நடத்துபவர் இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டாமா? எனினும் அவர் சாக்குப்போக்குச் சொல்லாமல் உடனே ஒலியை நிறுத்தி மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஏழு வாரமும் மின்விசிறியின் சத்தம் மட்டுந்தான்.

மற்றபடி, கற்றுத்தரும் முறையில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆசிரியை யாரையும் தொட்டுத் திருத்தவில்லை, பின்பக்கமாக நடந்து வரவும் இல்லை. "கண்ண மூடணும்னு இல்லக்கா, தெறந்தும் வச்சிக்கலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் சித்தியின் தோள் கொஞ்சம் இறங்கியது. தன் உடம்பு தன் பேச்சைக் கேட்காமல் போன ஒரு நாளைக் கடந்து வந்தவருக்கு, கையைத் தூக்குவதா வேண்டாமா என்பதைத் தாமே முடிவு செய்வதுதான் பயிற்சியின் சாரம் என்று எனக்குப் புரிந்தது. மூச்சை அடக்கும் கும்பகமும், வேகமாக மூச்சுவிடும் கபாலபாதியும் இங்கு இல்லை; நீரில் மூச்சுத் திணறியவருக்கும் அடிக்கடி பதற்றம் வருபவருக்கும் அவை பழைய திகிலைக் கிளறிவிடக்கூடும். உள்ளிழுப்பதை விட வெளிவிடும் மூச்சைச் சற்று நீட்டுவதையே திரும்பத் திரும்பச் செய்தோம். அதனால் இதயத் துடிப்பு தணிகிறது. ஐந்தாம் வாரம், பக்கவாட்டில் திரும்பும்போது நெஞ்சில் ஏதோ இறுகுவதாகச் சித்தி சொன்னார். அதன் காரணத்தை ஆசிரியை கிளறவில்லை. 'ஆலோசகரிடம் சொல்லுங்கள்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த அமர்வில் சித்தி ஒரு மணி நேரம் பேசியது அதைப் பற்றித்தான்.

வாசலில் தொங்கும் பதாகையில் "மாத்திரை இல்லாமல் மன அமைதி" என்று எழுதியிருப்பது எனக்கு உடன்பாடில்லை. உள்ளே நடக்கும் பொறுப்பான வகுப்புக்கும் அந்த வாசகத்துக்கும் தொடர்பே இல்லை. மனநல மருத்துவர் பெஸ்ஸல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எளிதில் குணமாகாத நாட்பட்ட அதிர்ச்சிப் பாதிப்புக்கு ஆளாகியிருந்த 64 பெண்கள் இரு பிரிவாகப் பங்கேற்றார்கள். பத்து வாரம் யோகா செய்த பிரிவில் 52 விழுக்காட்டினரும், உடல்நலக் கல்வி வகுப்புக்குச் சென்ற பிரிவில் 21 விழுக்காட்டினரும் நோய் வரையறையைத் தாண்டி வெளியே வந்தார்கள். அந்த ஆய்வின் தலைப்பே யோகாவைத் துணைச் சிகிச்சை என்றுதான் சொல்கிறது. பதாகை வாசகத்தை நம்பி யாராவது மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டால் பதாகைக்காரரா பொறுப்பேற்பார்?

வேதக்கார (கிறிஸ்தவ) வீட்டுப் பெண்களுக்கு யோகா என்றதும் வரும் தயக்கம் சித்திக்கும் இருந்தது. ஓங்காரமோ சுலோகமோ இல்லாமலேயே வகுப்பு தொடங்கியதால் இரண்டாம் வாரமே அது போய்விட்டது.

வகுப்பு மாடியில் நடக்கிறது, படிகள் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பாய்களில் ஈர வாடை அடிப்பதால் நாங்கள் வீட்டிலிருந்தே விரிப்பு கொண்டுபோனோம். எட்டு வாரத்துக்கு 1,600 ரூபாய் வாங்குகிறார்கள், தவணையிலும் கட்டலாம். ஆலோசகரையோ மருத்துவரையோ இதுவரை பார்க்காதவர்கள் முதலில் அங்கே போய்விட்டு வருவதே சரி; அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனாஸ் எண் 14416-ஐ இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

சித்தி அடுத்த சுற்றுக்கும் பெயர் கொடுத்திருக்கிறார், கதவைப் பார்த்த இடம் வேண்டும் என்ற நிபந்தனையோடு.